கார்வல்ஹோப்பில் சங்கீதம் எடுத்துக் கொடுத்தவள்

கிரிசல் டால்கிளீஷுக்குத் தொண்டை போவதற்கு முன்னால், கார்வல்ஹோப் பள்ளத்தாக்கில் அவள் குரலுக்கு எல்லைக்கல் கிடையாது. மேற்குச் சரிவில் நின்று அவள் தன் நாயை அதட்டினால் கிழக்குச் சரிவில் அடுத்தவன் நாய் படுத்துக்கொள்ளும். ஒருமுறை மூடுபனியில் அவள் ஆட்டைக் கூப்பிட்டபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த பால் வண்டி நின்றுவிட்டதாம். வண்டிக்காரன் இறங்கித் தொப்பியைக் கழற்றி, "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?" என்று மூடுபனியைப் பார்த்துக் கேட்டானாம். தபால் நிலையத்து ஜெஸ் ஹிஸ்லப் இதைச் சொல்வாள். ஜெஸ் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். கழித்த பிறகும் மிச்சம் கணிசமாகவே இருக்கும்.

கிரிசலுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "அறுநூறு ஆடும் நாலு நாயும் போதும், அதுக்கு மேல சமாளிக்க முடியாது" என்பாள். மேய்ச்சல் வேலை அவள் அப்பா விட்டுப்போனது. தேவாலயத்தில் பிரசங்க மேடைக்குக் கீழே இருக்கும் சங்கீத மேசையும் அவர் விட்டுப்போனதுதான். எங்கள் பக்கத்துப் பழைய கோயில்களில் வாத்தியம் கிடையாது. ஒருவர் எழுந்து வேதாகமச் சங்கீதத்தின் முதல் வரியைத் தனியாக எடுத்துக் கொடுப்பார், சபை அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். அப்பா இறந்தபோது அந்த மேசையில் ஒரு பெண் உட்காரலாமா என்று சபை மூப்பர்கள் மூன்று மாதம் விவாதித்தார்கள். பள்ளத்தாக்கில் சுருதி சுத்தமாக இருந்த ஒரே ஆள் அவள்தான் என்பதால், கடைசியில் "தற்காலிகமாக" என்று தீர்மானம் எழுதி அவளை உட்கார வைத்தார்கள். அந்தத் தற்காலிகம் முப்பத்தொரு வருஷம் ஓடிற்று.

1957 மார்ச்சில் அவள் கழுத்தில் இருந்த கழலையை வெட்டி எடுத்தார்கள். வைத்தியர் முன்னாலேயே சொல்லியிருந்தார்: கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, உயிர் பிழைத்தால் குரல் பிழைக்காது. அப்படியேதான் ஆனது. வீடு திரும்பியவளிடம் காற்று மட்டும் மிச்சமிருந்தது. பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தால் கிசுகிசுப்பாக ஏதோ கேட்கும்.

ஆடுகளைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. நாய்களுக்கு அவள் எப்போதும் பாதி குரலும் பாதி சீழ்க்கையுமாகத்தான் வேலை சொல்லி வந்தாள். இப்போது முழுக்கச் சீழ்க்கை. உதட்டைக் குவித்து ஒரு நீண்ட, இறங்கும் சத்தம் கொடுத்தால் நாய் எங்கே இருந்தாலும் படுத்துவிடும். பள்ளத்தாக்கில் பாதிப் பேருடைய நாய்கள் குட்டியாக இருந்தபோது அவள் கையில்தான் பழகின. ஆகவே அவள் சீழ்க்கைக்கு யாருடைய நாய் படுக்கும், யாருடையது படுக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அவளை உறுத்தியது ஆகஸ்ட் முதல் ஞாயிறு.

கார்வல்ஹோப் சபையை ஒன்பது மைல் தள்ளி இருக்கும் நகரத்துச் சபையோடு சேர்த்துவிட்டார்கள். பழைய கோயில் வருஷத்தில் ஒரே ஒரு நாள், கணவாயில் பனி இல்லாத ஆகஸ்டில் திறக்கும், பெரும்பனி நினைவு ஆராதனைக்காக. 1823 ஜனவரியில், ஞாயிறு ஆராதனை முடிந்து கணவாய் வழியாக வீடு திரும்பிய இருபது பேரைப் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் ஆர்ச்சி டால்கிளீஷ், கிரிசலின் பாட்டனாருக்குப் பாட்டனார், அன்றைக்குச் சங்கீதம் எடுத்துக் கொடுத்தவர். ஒரு கற்சுவரின் மறைவில் எல்லோரையும் நெருக்கி உட்கார வைத்து, தன் கம்பளிக்குள் ஒரு நாலு வயதுக் குழந்தையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, தேடி வருகிறவர்களுக்குத் திசை தெரியட்டும் என்று நூற்று இருபத்தோராம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்பப் பாடினார். இரண்டாம் நாள் காலையில் தேடி வந்தவர்கள் அந்தப் பாட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் சுவரைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பது பேருக்கு உயிர் இருந்தது. பதினொரு பேர் போயிருந்தார்கள். ஆர்ச்சி வாய் திறந்தபடி, தாடியெல்லாம் பனிக்கட்டியாக உட்கார்ந்திருந்தார். அவர் பாட்டு நின்று வெகுநேரம் ஆயிற்று, விடியுமுன்னே நின்றுவிட்டது என்று பிழைத்தவர்கள் சத்தியம் செய்தார்கள்.

அப்படியானால் தேடி வந்தவர்களுக்குக் கேட்டது என்ன? கார்வல்ஹோப்பில் எதற்கெல்லாமோ வாய்கிழியப் பேசுவார்கள். இதை மட்டும் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.

அன்றிலிருந்து வருஷா வருஷம் போதகர் பதினொரு பெயர்களை வாசிப்பார். பிறகு யாரும் எதையும் அறிவிக்காமல், சங்கீத மேசையிலிருந்து ஒரு குரல் எழும். முதல் வரி தனியாக. அந்த வரியை ஒரு டால்கிளீஷ்தான் பாட வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. ஆனால் வேறு யாரும் பாடியதில்லை.

ஜூனில் மூப்பர் ஆடம் அஷர் தன் வீட்டுச் சமையலறையில் ஆட்களைக் கூட்டி, யாரால் எடுத்துக் கொடுக்க முடியும் என்று சோதித்துப் பார்த்தார். ஜெஸ் முதலில் எழுந்தாள். இரண்டாவது வரியிலேயே எல்லோருக்கும் கழுத்து நரம்பு புடைத்தது.

"நிறுத்து ஜெஸ்! மேகத்துக்குப் பக்கத்துல ஆரம்பிச்சுட்ட. மூணாவது வரிக்கு நாங்க ஏணி போட்டா வர்றது?" என்றார் ஆடம்.

"அப்ப நீயே பாடேன், மூப்பரே. வாய் சும்மாதான இருக்கு?"

"எனக்கு விசுவாசம் இருக்கு. சுருதிதான் இல்ல."

"விசுவாசமே சந்தேகம்தான். சுருதியப் பத்தி எங்களுக்குத் தெரியும்."

இன்னும் ஐந்து பேர் முயன்றார்கள். ஒருவர் பாதியில் மெட்டு மாறித் திருமணப் பாட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் ஆடம் முடிவு செய்தார்: பள்ளிக்கூடத்தில் இருக்கும், காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியத்தைக் கொண்டு வருவது, டீச்சர் மிஸ் ரதர்ஃபர்ட் வாசிப்பது. இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்.

அதைச் சொல்ல அவரே மலைமேல் ஏறி வந்தார். கிரிசல் ஒரு பெண்ணாட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"உன்னத் தள்ளி வைக்கிறதுக்காக இல்ல கிரிசல். வேற வழி தெரியல."

அவள் நிமிரவில்லை. அவர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"ஆர்ச்சி பனியில ஆர்மோனியமா தூக்கிட்டுப் போனாரு?"

"அவருக்குத் தொண்டை இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. காது மடல் வரை சிவந்து போய், தொப்பியைக் கையில் சுருட்டினார். கிரிசல் ஆட்டை விட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒரு தடவ உள்ள வந்த பெட்டி திரும்ப வெளிய போகாது, ஆடம். அடுத்த வருஷமும் யாருக்கும் தொண்டை இருக்காது."

"அப்படி ஆக விடமாட்டேன்."

"நீயும் நானும் எத்தன நாளைக்கு?" குளம்பு சீவிய கத்தியை மடக்கிவிட்டு, "என் மேசையில நான் உக்காந்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"அது உன் இடம். யாரு கேப்பா?"

மறுநாள் ஜெஸ் கடிதத்தோடு வந்தபோது விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரியாத விஷயத்துக்கு அவள் மலையேற மாட்டாள்.

"அடியே, உனக்குத்தான் சீட்டி அடிக்க வருதே! நாய்க்கு அடிக்கிறியே, அதயே மெட்டா அடிச்சுட்டுப் போயேன்."

கிரிசல் அவளைப் பார்த்த பார்வையில் ஜெஸ் கொண்டுவந்த ஓட்ஸ் ரொட்டி கையிலேயே நின்றது.

"ஓய்வுநாள்லயா? கோயிலுக்குள்ளயா?"

"சரி, சரி. நான் ஒண்ணும் சொல்லல. இந்தா, ரொட்டியத் தின்னு."

ஓய்வுநாளில் சீழ்க்கை அடிப்பது கார்வல்ஹோப்பில் சாதாரணக் குற்றம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறுப்புப் பறவை பாடினாலே சிலர் ஜன்னலைச் சாத்துவார்கள். கிரிசல் தன் ஏழாவது வயதில், கோயில் வாசலில் நின்று யோசனை இல்லாமல் ஒரு சீழ்க்கை அடித்துவிட்டாள். அப்பா அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கல்லறைகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு, ஆராதனை முடியும்வரை அங்கேயே நிற்கச் சொல்லி உள்ளே போய்விட்டார். அன்றைக்கும் பெரும்பனி ஞாயிறுதான். மூன்றடிக் கனச் சுவருக்கு வெளியே நின்றபடி அவள் சங்கீதத்தைக் கேட்டாள். உள்ளேயிருந்து வருகிற சத்தமாகவே தோன்றவில்லை. காலுக்குக் கீழே, கற்களுக்குக் கீழே, மலை பாடுகிற மாதிரி இருந்தது. அழுதுகொண்டிருந்தவள் அழுகையை மறந்து, வாயைப் பிளந்து நின்றாள். அந்த மெட்டு அன்றைக்குத்தான் அவளுக்குள் இறங்கியது.

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவள் சீழ்க்கை அடித்ததில்லை. குரல் போன பிறகும்கூட, ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களைக் கட்டிப்போட்டுவிட்டு, ஐந்து மைல் சரிவில் தானே ஏறி இறங்கி ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று மழை விட்டு மலைகள் பளிச்சென்று கழுவிவிட்டது போல நின்றன. மூன்று பள்ளத்தாக்குகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், நாய்களோடு. எங்கள் மேய்ப்பர்கள் கோயிலுக்கு நாயோடுதான் வருவார்கள். ஒவ்வொன்றும் தன் எஜமான் காலடியில், பெஞ்சுக்குக் கீழே சுருண்டு படுத்துக்கொள்ளும். இருபத்துமூன்று நாய்கள் என்று அன்றைக்கு ஜெஸ் எண்ணினாள். அடுத்த வருஷம் அவள் சொன்னபோது அது நாற்பது ஆகிவிட்டது.

இந்த நாய்களால் எங்களுக்கு ஒரு பழக்கமும் உண்டு. ஆராதனை முடிவில் ஆசீர்வாதம் கூறும்போது மற்ற ஊர்களில் சபை எழுந்து நிற்கும். இங்கே எழுந்தால், வீட்டுக்குப் புறப்படுகிறோம் என்று நாய்கள் அத்தனையும் குதித்துக் குரைத்து ஆசீர்வாதத்தையே விழுங்கிவிடும். அதனால் யாருக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து கார்வல்ஹோப் சபை ஆசீர்வாதத்தை உட்கார்ந்தபடியே, நாய்களுக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்ளும்.

நகரத்திலிருந்து வந்திருந்த இளம் போதகர் மன்றோவிடம் ஆடம் இதைச் சொல்லி வைத்திருந்தார். ஆர்மோனியத்தைச் சனிக்கிழமையே கொண்டுவந்து வைத்து, மிஸ் ரதர்ஃபர்டை நான்கு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சத்தம் கடைசி பெஞ்சு வரை வருகிறதா என்று தானே போய் உட்கார்ந்து பார்த்தார். துருத்தியில் ஈரம் இல்லை, ஸ்டூல் ஆடவில்லை. எல்லாவற்றையும் சரிபார்த்தார்.

நாய்களை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

போதகர் பதினொரு பெயர்களையும் நிதானமாக வாசித்தார். கடைசிப் பெயர் ஆர்ச்சி டால்கிளீஷ். கிரிசல் தன் மேசையில், மடியில் கைகளைப் பூட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெயருக்குப் பிறகு வரும் மௌனத்தை அவளைப் போல அறிந்தவர்கள் இல்லை. முப்பத்தொரு வருஷம் அவள் அதற்குள் நின்று மூச்சை இழுத்திருக்கிறாள். இப்போதும் அவள் நெஞ்சு தானாக விரிந்தது. காற்று நிறைந்தது. அதற்குப் போக வழி இல்லை.

ஆடம் தலையசைத்தார். மிஸ் ரதர்ஃபர்ட் துருத்தியை அழுத்தினாள்.

முதல் சுரம் எழுந்ததுதான் தாமதம், மூன்றாம் பெஞ்சுக்குக் கீழே இருந்து ஒரு நாய் தலையைத் தூக்கி ஊளையிட்டது. அதற்கு வலது பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. அடுத்த நொடியில் கோயில் முழுக்க ஊளை. நாய்கள் பெஞ்சுகளுக்கு அடியிலிருந்து பாய்ந்து நடைபாதையில் நின்று, மூக்கைக் கூரைக்குத் தூக்கி, இருபத்துமூன்று சுருதியில் அழுதன. "படுடா! சனியனே, படு!" என்று மேய்ப்பர்கள் கத்த, அது ஊளைக்குத் துணையாயிற்று. பயந்துபோன மிஸ் ரதர்ஃபர்டின் கால் துருத்தியை விட்டு எழவே இல்லை. போதகர் இரண்டு கையையும் உயர்த்தினார். அவருடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சுவரில் பதினொரு பெயர் வெட்டிய கல் இருந்தது. ஆடம் அதைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

கிரிசல் அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருப்பது போல ஒரு கணம் இருந்தது. பிறகு அவள் எழுந்து நின்றாள்.

உதட்டைக் குவித்தாள்.

நீண்ட, இறங்கும் ஒரே சத்தம். மலையில் அரை மைலுக்கு அடிக்கிற சீழ்க்கையை அவள் அங்கே உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி அடித்தாள். நாய்கள் ஊளையைப் பாதியில் விழுங்கின. வயிறு தரையில் படும் சத்தம் கோயில் நெடுகக் கேட்டது. படுத்துவிட்டன. ஒன்று பாக்கி இல்லாமல், நடைபாதையிலும் பெஞ்சுகளுக்கு நடுவிலும் மேடைப் படியிலும், முன்னங்கால்மேல் மோவாயை வைத்து, கண்கள் அவள்மேல் நிலைக்கப் படுத்துவிட்டன. மிஸ் ரதர்ஃபர்டின் காலும் நின்றது.

அப்படி ஒரு அமைதியை அந்தச் சுவர்கள் கேட்டதில்லை. வெளியே ஓடைத் தண்ணீர் கல்லில் உருள்வது உள்ளே கேட்டது. தன் கைக்கடிகாரம் துடிப்பது தனக்குக் கேட்டது என்று போதகர் பின்னால் சொன்னார்.

கிரிசலுக்கு இன்னும் பாதி மூச்சு மிச்சம் இருந்தது. குற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது. மிச்ச மூச்சை அவள் சங்கீதத்தின் முதல் வரிக்குக் கொடுத்தாள்.

சீழ்க்கை என்று அதைச் சொல்வதா என்று தெரியவில்லை. வார்த்தை இல்லாத, தாழ்ந்த, காற்று கலந்த மெட்டு. பனிமேட்டுக்கு அப்பால் எங்கோ தூரத்தில் யாரோ பாடுவது காற்றில் அடித்து வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பெஞ்சுகளில் இருந்த சிலர் ஜன்னல் பக்கம், கணவாயின் பக்கம் திரும்பினார்கள். கேட்கக்கூடாத அந்தக் கேள்வி எல்லோர் முகத்திலும் நின்றது. வரி முடிந்தது. யாருக்கும் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது வரியைப் பிடித்தது ஆடம் அஷர். ஆர்ச்சியின் கம்பளிக்குள் பிழைத்த நாலு வயதுக் குழந்தை அவருடைய பாட்டனாரின் தாய். தான் பாடுவது ஆடமுக்கே தெரிந்ததா என்று தெரியாது. தொப்பியை நெஞ்சோடு அழுத்தி, கண்ணை மூடி, பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சரியான சுருதியில் பாடினார். பிறகு ஜெஸ். பிறகு எல்லோரும். கூரைச் சட்டங்களிலிருந்து பழைய தூசி இறங்கிற்று. பெஞ்சுப் பலகை நடுங்குவதை உட்கார்ந்திருந்தவர்கள் தொடையில் உணர்ந்தார்கள். கிரிசல் பாடவில்லை. முப்பத்தொரு வருஷம் எடுத்துக் கொடுத்தவள், ஏழு வயதுக்குப் பிறகு முதன்முறையாக அந்தச் சங்கீதத்தை வெறுமனே கேட்டாள். மலை பாடியது.

பிரசங்கத்தில் போதகர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் நினைவில்லை. அவருக்கே நினைவில்லை. முடிவில் ஆசீர்வாதத்துக்காகக் கையை உயர்த்தியவர் சபையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"எழுந்து நில்லுங்க" என்றார்.

"ஐயா, நாய்ங்க..." ஆடம் பாதி எழுந்து கிசுகிசுத்தார்.

"பாருங்க மூப்பரே."

இருபத்துமூன்று நாய்களும் அப்படியே கிடந்தன. வாலின் நுனிகூட அசையவில்லை. எழலாம் என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லையே. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி, உடைந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களைப் போல மெல்ல எழுந்தார்கள். முழங்கால்கள் நெட்டி முறித்தன. நிமிர்ந்து நின்று, தலை குனிந்து, கார்வல்ஹோப் சபை அன்றைக்குத்தான் ஆசீர்வாதத்தை நின்றபடி வாங்கிக்கொண்டது. எழுபது வயது ஆட்கள், இதற்கு முன் அது தங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்பது போல அழுதார்கள்.

ஆமென் ஆயிற்று. யாராலும் வெளியே போக முடியவில்லை. நடைபாதை முழுக்க நாய். தாண்டிப் போக யாருக்கும் மனம் வரவில்லை. எல்லாத் தலைகளும் சங்கீத மேசைப் பக்கம் திரும்பின. கிரிசல் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான்.

"போதும்டா கண்ணுங்களா."

கடைசி பெஞ்சு வரை கேட்டது. நாய்கள் எழுந்து, அணை திறந்த தண்ணீராகக் கதவு வழியே வெயிலுக்குள் பாய்ந்தன.

வெளியே புல்லில் ஆட்டுக்கறிச் சாறும் தேநீரும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடம் ஒரு கிண்ணத்தோடு கிரிசலிடம் வந்தார். மூப்பர் முகத்தை வரவழைத்துக்கொள்ள அவர் படாத பாடு பட்டார்.

"ஓய்வுநாள்ல, கோயிலுக்குள்ள சீட்டி அடிச்சிருக்க. மூப்பர் கூட்டத்துல விளக்கம் கேட்டாகணும்."

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவர் குனிந்தார்.

"கேளு. சத்தமா பதில் சொல்றேன்."

கூட்டம் செப்டம்பரில் நடந்தது. மூன்று மணி நேரம் பேசினார்கள் என்று ஜெஸ் சொல்கிறாள், பாதியைக் கழித்துக்கொள்ளலாம். நடவடிக்கைப் புத்தகத்தில் அதைப் பற்றி ஆடம் கைப்பட எழுதியது ஒரே வரி: "சங்கீதம் வழக்கம்போல் எடுத்துக் கொடுக்கப்பட்டது." ஆர்மோனியம் திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது. கிரிசல் அதற்குப் பிறகு பதினான்கு வருஷம், தற்காலிகமாக, அந்த மேசையில் உட்கார்ந்தாள்.